எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள்?

"என் கேமரா 24 மெகாபிக்சல். இதுல எடுத்த படத்தை எவ்வளவு பெருசாப் போடலாம்?"

சித்தூரிலும் திருப்பதியிலும் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேமரா இல்லாதவர்கள் போனை நீட்டி இதையே கேட்கிறார்கள். புது வீடு கட்டியவர்கள், கிளினிக் திறக்கப் போகிறவர்கள், பெண்ணின் கல்யாணப் படத்தைக் கூடத்தில் மாட்ட நினைப்பவர்கள் என்று எல்லோருக்கும் ஓர் எண் வேண்டியிருக்கிறது. "முப்பது இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆனால் அந்த எண்ணை நம்பி ஒருவர் லட்ச ரூபாய்க்குப் புது கேமரா வாங்கிவிடக்கூடும். இன்னொருவர், கையில் இருப்பது போதாது என்று நினைத்து, நல்ல படத்தை அச்சிடாமலே ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்துவிடக்கூடும். இரண்டும் எனக்கு வருத்தம் தருகிற விஷயங்கள். அதனால் பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன். படத்தை எங்கே மாட்டப் போகிறீர்கள்? பார்ப்பவர் எத்தனை அடி தள்ளி நிற்பார்?

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு

நல்ல பார்வை உள்ள மனிதக் கண், ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும். அதற்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். பெரிய அச்சுகளின் கணக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் அடங்குகிறது. அச்சில் உள்ள பிக்சல்கள் தனித்தனியாகக் கண்ணில் படாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால் படம் கூர்மையாகத் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 3438 என்ற எண்ணை அதனால் வகுங்கள். அந்தத் தூரத்திலிருந்து பார்க்க ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்பது வந்துவிடும்.

- 1 அடி தூரம் (ஆல்பத்தைக் கையில் வைத்துப் பார்ப்பது): 287
- 2 அடி: 143
- 3 அடி: 95
- 6 அடி: 48
- 10 அடி: 29
- 30 அடி (சாலையோர விளம்பரப் பலகை): 10-க்கும் கீழே

கலர் லேபில் எதற்கெடுத்தாலும் "300 டிபிஐ-ல குடுங்க" என்று கேட்பார்களே, அந்த 300 வருவது இந்த முதல் வரியிலிருந்துதான். ஓர் அடி தூரத்தில் கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அது சரியான எண். 12×36 அங்குலக் கரிஷ்மா ஆல்பத்துக்கு அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஆல்பத்தை மடியில் வைத்துத்தான் பார்க்கிறோம். அதே 300-ஐக் கூடத்துச் சுவருக்கும் கடைத்தெருப் பலகைக்கும் கேட்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். போட்டோஷாப்பில் 72 என்று இருக்கும் இடத்தில் 300 என்று தட்டி, படம் பெரிதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது வெறும் குறிப்பு. ஒரு படத்தின் உண்மையான சொத்து அதன் நீளத்திலும் அகலத்திலும் உள்ள மொத்த பிக்சல்கள்தான். அதேபோல பிரிண்டர் பெட்டியில் 1440, 2880 என்று போட்டிருப்பது மைத்துளிகளின் எண்ணிக்கை. ஒரு பிக்சலின் நிறத்தைக் கொண்டுவர இயந்திரம் பல துளிகளைத் தெளிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் படம் 2880 இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை.

24 மெகாபிக்சல் எதுவரை வரும்?

24 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் 6000×4000 பிக்சல் படம் தரும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 20×13 அங்குலம் வரும். 200 என்றால் 30×20. 150 என்றால் 40×27. நூறு போதும் என்றால் 60×40, அதாவது ஐந்தடி அகலம்.

12 மெகாபிக்சல் போன் படம் 4000×3000. அது 300-ல் 13×10 அங்குலம், 150-ல் 27×20, நூறில் 40×30.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. அச்சின் நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்க, மெகாபிக்சலும் இரண்டு மடங்கு ஆனால் போதும் என்று நினைக்கிறார்கள். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பக்கத்துக்கு ஐந்து புள்ளி வைத்தால் மொத்தம் 25, பத்து வைத்தால் 100. அச்சை இருமடங்கு பெரிதாக்க நான்கு மடங்கு மெகாபிக்சல் வேண்டும். 24-லிருந்து 45 மெகாபிக்சல் கேமராவுக்கு மாறினால் விலை எங்கோ போய்விடுகிறது, அச்சின் நீளம் கூடுவதோ ஏறத்தாழ 37 சதவீதம்தான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல லென்சும் ஒரு திடமான முக்காலியும் வாங்கினால் அச்சில் தெரியும் வித்தியாசம் அதைவிட அதிகமாக இருக்கும்.

போன்களின் 50, 108, 200 மெகாபிக்சல் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சென்சார்களில் பிக்சல்கள் மிக மிகச் சிறியவை. அதனால் போன் அவற்றை நான்கு நான்காகவோ, ஒன்பது ஒன்பதாகவோ, பதினாறு பதினாறாகவோ சேர்த்து ஒரே பிக்சலாக்கி, பெரும்பாலும் 12 மெகாபிக்சல் படத்தையே சேமிக்கிறது. முழு எண்ணிக்கையில் எடுக்கும் வசதியைத் தேடி இயக்க வேண்டும். நல்ல வெயிலில் அதற்குப் பலன் உண்டு. மாலை மங்கியபின், மண்டபத்து விளக்கொளியில், அதனால் இரைச்சல்தான் கூடும். அங்கே 12-ஐ நம்புங்கள். 12 மெகாபிக்சலை நான் குறைவாகச் சொல்லவில்லை. மூன்றடி தள்ளி நின்று பார்க்க, 40×30 அங்குல அச்சுக்கு அது வரும்.

மாமாவின் கூடத்துச் சுவர்

என் மாமா சித்தூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஒரு சுவரை எனக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

"தலக்கோனா அருவி வேணும்ப்பா, பெருசா. நாலடிக்கு ஆறடி. உன் கேமரா தாங்குமா?"

"தாங்கும் மாமா. சோபா எங்க போடப் போறீங்க?"

"எதிர்ச் சுவத்த ஒட்டி. பத்தடி இருக்கும்."

"நடுவுல ஆளுங்க நடப்பாங்களா?"

"நடக்காம? பூஜை ரூமுக்கு அந்த வழியாத்தான போகணும்."

இந்த ஐந்து வரிப் பேச்சில் வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது. முதலில் அளவு. பெரிய இன்க்ஜெட் பிரிண்டர்களில் தாள் சுருள் 24, 44, 64 அங்குல அகலங்களில் வரும். 44 அங்குல இயந்திரம் இருக்கும் இடத்தில் 48 அங்குலம் ஒரே துண்டாக வராது. அதனால் 42×63 அங்குலம் என்று முடிவு செய்தோம். கேமராவின் 2:3 வடிவமும் அதற்கு அப்படியே பொருந்துகிறது, எதையும் வெட்ட வேண்டாம்.

அடுத்து தூரம். சோபாவிலிருந்து பத்தடி. அங்கிருந்து பார்க்க அங்குலத்துக்கு 29 பிக்சல் போதும், அதாவது மொத்தமே 2 மெகாபிக்சலை ஒட்டித்தான். பூஜை அறைக்குப் போகிறவர் மூன்றடி தள்ளி நடப்பார். அவருக்கு 95 வேண்டும். 63 அங்குலத்தை 95-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 6000, அதாவது 24 மெகாபிக்சல். யாராவது ஒன்றரை அடிக்கு வந்து உற்றுப் பார்த்தால் 191 வேண்டும். அப்போது 97 மெகாபிக்சல் ஆகிவிடும்.

ஒரே சுவர், ஒரே படம். நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தேவை 2-லிருந்து 97 வரை போகிறது. "எத்தனை மெகாபிக்சல்?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மாமா வீட்டுக்கு ஒரே படமாக 24 மெகாபிக்சலில் எடுத்தேன். ஏன் அதோடு நிறுத்திக்கொண்டேன் என்பதற்குக் காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. தலக்கோனா ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள், 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு போனால் நீர் நன்றாக விழும். ஷட்டரை மெதுவாக வைத்தால் நீர் பட்டுத் துணிபோல் குழைந்துவிடுகிறது, அங்கே நுணுக்கம் என்று தேட ஒன்றுமில்லை. பாறையும் இலைகளும் மூன்றடியிலிருந்து தெளிவாகத் தெரிந்தால் போதும். அருவிப் படத்தைப் பார்ப்பவர்கள் பின்னால் போய் முழுதாகப் பார்க்கத்தான் விரும்புவார்கள், மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க மாட்டார்கள்.

பிளெக்ஸ் கடையில் நடக்கும் அதிசயம்

சித்தூர் சாலையிலிருந்து திருப்பதிக்குள் நுழையும்போது பலகைகளைப் பார்க்கிறோம். தலைவர்களின் பிறந்தநாள், சினிமா, பள்ளிக்கூட விளம்பரம், பிரம்மோற்சவ சமயத்தில் வரவேற்பு வளைவுகள். இவற்றுக்குப் பெரிய கேமரா வேண்டும் என்று நினைப்போம். பிளெக்ஸ் கடைக்குள் போய்ப் பார்த்தால் டிசைனர் தம்பி, வாட்ஸாப்பில் வந்த ஒரு முகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1600 பிக்சல் உயரமுள்ள ஒரு முகப்படத்தை ஆறடிக்கு, அதாவது 72 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 22 பிக்சல்தான் கிடைக்கும். ஆனால் 13 அடி தள்ளி நிற்பவருக்கு அது போதும். பலகை கட்டியிருப்பதோ தலைக்கு மேலே, பார்ப்பவர் பைக்கில் போகிறவர். அதனால் அந்தத் தம்பி செய்வது சரியான வேலைதான்.

2015-ல் ஆப்பிள் நிறுவனம், மக்கள் ஐபோன் 6-ல் எடுத்த படங்களை உலகின் பல நகரங்களில் பெரிய பலகைகளாக வைத்தது. அந்தப் போனின் கேமரா 8 மெகாபிக்சல், நீளப் பக்கம் 3264 பிக்சல். முப்பதடிப் பலகையில் அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 9 பிக்சல். முப்பத்திரண்டு அடி தள்ளி நின்றால் குறையொன்றும் தெரியாது.

அதற்கும் வெகு முன்பே கோடக் நிறுவனம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை 'கலரமா' என்ற பெயரில் 18 அடி உயரம், 60 அடி அகலத்துக்குப் பின்னொளியுடன் படங்களை வைத்தார்கள். தொடக்கத்தில் 8×10 அங்குலப் பிலிம் போடும் பெரிய பெட்டிக் கேமராக்களில் எடுத்தார்கள். பிற்காலத்தில் 35 மில்லிமீட்டர் பிலிமிலிருந்தும் அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்தவர்கள் பெரிய கூடத்தின் தரையில், தூரத்தில் நின்றிருந்தார்கள்.

நெருங்கி வந்து பார்க்கும் படங்கள்

சில படங்கள் மட்டும் ஆளை இழுக்கும். எவ்வளவு பெரிதாக மாட்டினாலும் பார்ப்பவர் கிட்டே வந்துதான் தீருவார்.

முதலாவது கல்யாண குரூப் போட்டோ. அதன் முன்னால் வரும் ஒவ்வொருவரும் தேடுவது தன் முகத்தை. அப்புறம் அம்மாவின் முகத்தை, இன்று இல்லாத தாத்தாவின் முகத்தை. ஒரு வரிசையில் 15 பேர் நிற்கும் படத்தில், 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு முகத்துக்கு 120 பிக்சலை ஒட்டிக் கிடைக்கும். 24 அங்குல அகலத்துக்கு அச்சிட்டால் முகம் அரை அங்குலம் இருக்கும், ஆனால் கண்ணும் சிரிப்பும் தெரியும். அதே படம் வாட்ஸாப்பில் சுருங்கி வந்திருந்தால் ஒரு முகத்துக்கு முப்பது சொச்சம் பிக்சல்தான். யார் என்று சொல்லலாம், பார்வை தெரியாது. கல்யாண வீட்டில் தயவுசெய்து போட்டோகிராபரிடம் மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது பறவைப் படங்கள். 2022-ல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் நேலபட்டு சரணாலயம் திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே கூடு கட்டும் கூழைக்கடாக்களை எடுக்கப் போகும் நண்பர்கள் அநேகமாக எல்லோருமே வெட்டித்தான் படத்தைக் கொண்டு வருகிறார்கள். நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினால் மிஞ்சுவது கால்வாசி. 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும். 20×13 அங்குலத்துக்கு மேல் போனால் கிட்டே வந்து இறகைப் பார்ப்பவர் ஏமாறுவார். பறவைக்கு மெகாபிக்சலைவிட நீளமான லென்சும், அசையாமல் காத்திருக்கும் பொறுமையும்தான் பெரிய மூலதனம்.

மூன்றாவது கோபுரங்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

காளஹஸ்தியின் கோபுரம் விழுந்த பிறகு

1516-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம், 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நின்ற கோபுரம். அதே இடத்தில் புதிதாகக் கட்டி 2017-ல் குடமுழுக்கும் நடந்துவிட்டது. புதுக் கோபுரத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் பழைய கோபுரம் இனிப் படங்களில்தான்.

அந்தப் படங்களில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபுரத்தின் உயரம் சுமார் 130 அடி. 2000-களின் நடுவில் நம் ஊர்களில் இருந்த நல்ல டிஜிட்டல் கேமரா 6 மெகாபிக்சல், நீளப் பக்கம் 3000 பிக்சல். கோபுரம் படத்தின் முழு உயரத்துக்கும் நிறைந்திருந்தாலும்கூட, ஒரு பிக்சல் கோபுரத்தில் அரை அங்குலத்தைக் குறிக்கும். மூன்றடி உயரச் சுதைச் சிற்பத்துக்கு 70 பிக்சல்தான். கை தெரியும், கையில் இருப்பது தெரியாது. அடுக்குகளின் அமைப்பு தெரியும், கல்லில் ஓடிய விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்க்க முடியாது. மூன்றடி உயர அச்சாகப் போட்டு மூன்றரை அடி தள்ளி நின்றால் அழகாகத்தான் இருக்கும். கிட்டே போனால் ஒன்றும் கிடைக்காது.

படம் எடுத்தவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை. கோபுரம் விழும் என்று யாரும் நினைத்து எடுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து நான் ஒன்று புரிந்துகொண்டேன். இன்றைக்குச் சுவரில் மாட்டுபவர் பத்தடியில் நிற்பார். ஐம்பது ஆண்டு கழித்து அதே படத்தைப் பார்ப்பவருக்குக் கோபுரமே இல்லாமல் போயிருக்கலாம். அவர் படத்தோடு கண்ணை வைத்துப் பார்ப்பார். நம் ஊரின் பெரிய கட்டடங்களை எடுக்கும்போது அவருடைய தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தஞ்சாவூரில் ஒருவர் 1858-லேயே செய்தது

ஒரே படத்தில் அடங்காததைப் பல படங்களாக எடுத்து இணைப்பது கம்ப்யூட்டர் கொண்டுவந்த வித்தை என்று நினைக்கிறோம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857, 1858 ஆண்டுகளில் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்கள், பெரிய மரக் கேமரா. அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் இல்லை. நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அச்சும் அவ்வளவுதான், இரண்டையும் ஒட்டவைத்து வெயிலில் காட்டி எடுப்பார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை எடுக்க வேண்டியிருந்தது. தள்ளி நின்று ஒரே படமாக எடுத்திருந்தால் எழுத்துகள் கோடுகளாகிவிடும். அவர் சுவரை ஒட்டியே கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 அச்சுகளை வரிசையாக ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். பார்ப்பவர் எழுத்தை வாசிக்க வேண்டும், அதற்கு எந்தத் தூரத்தில் நிற்பார் என்று நினைத்து அதற்கேற்ற அளவில் எடுத்தது அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இன்றைக்குப் பெரிய அச்சு போடும் எவருக்கும் அது பாடம்.

சந்திரகிரியில் நீங்களே செய்து பார்க்கலாம்

திருப்பதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. விஜயநகரத்தின் கடைசிக் காலத் தலைநகர்களில் ஒன்று. மூன்று மாடி ராஜமகால், பின்னால் பாறை மலை. பல படங்களை இணைத்துப் பழக இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை, ஏனென்றால் எதுவும் அசையாது. தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும். கையில் பிடித்தே எடுக்கலாம், காலை வெளிச்சத்தில் அது போதும்.

முழுக் கட்டடமும் அடங்கும் லென்சுக்குப் பதிலாக அதைவிட நீளமானதைப் போடுங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒளி அளவு, ஃபோகஸ், வெள்ளைச் சமன் மூன்றையும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். நின்ற இடத்தைவிட்டு நகராமல், இடமிருந்து வலமாக, ஒரு படத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வரும்படி எடுத்துக்கொண்டே போங்கள். பிறகு மேல் வரிசை. வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை எடுத்தால், இணைத்தபின் 24 மெகாபிக்சல் கேமராவிலிருந்தே நூறைத் தாண்டிய படம் கிடைத்துவிடும். ஹுகின் என்ற இலவச மென்பொருளே இணைத்துத் தரும். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே இருக்கிறது.

கோபுரத்துக்கும் இதே வழிதான். 24 மில்லிமீட்டர் லென்சில் ஒரே படத்தில் அடங்கும் கோபுரத்தை, அதே இடத்தில் நின்று 85 மில்லிமீட்டரில் சுமார் 15 படங்களாக எடுத்தால் உயரம் மட்டும் 20,000 பிக்சல் வரும். 130 அடிக் கோபுரத்தில் ஒரு பிக்சலுக்கு 2 மில்லிமீட்டர். சிற்பத்தின் விரலும் கிடைக்கும், விரிசலும் கிடைக்கும். நூறு மெகாபிக்சல் மீடியம் ஃபார்மேட் கேமரா வைத்திருப்பவரும் ஒரே படத்தில் இதை எடுத்துவிட முடியாது.

பிக்சலைத் திருடும் மற்றவை

மெகாபிக்சல் இருந்தும் அச்சு குழைந்துபோவதற்குக் காரணங்கள் வேறு.

கை நடுக்கம் முதலாவது. லென்சின் மில்லிமீட்டருக்குக் கீழ் ஒன்று என்ற பழைய ஷட்டர் விதி சிறிய அச்சுக்குப் போதும். பெரிய அச்சுக்கு அதைவிட இரண்டு மடங்கு வேகம் வையுங்கள், அல்லது முக்காலி போடுங்கள்.

அடுத்தது துளை. எல்லாமே தெளிவாக வேண்டும் என்று எஃப் 16, எஃப் 22 வரை மூடுகிறார்கள். எஃப் 16-ல் ஒளி விலகிப் பரவுவதால் ஒரு புள்ளி 21 மைக்ரான் வட்டமாகிவிடுகிறது. சிறிய சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் 4 மைக்ரானுக்கும் குறைவு. வாங்கிய மெகாபிக்சலில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். எஃப் 8-ஐ ஒட்டி நின்றால் நல்லது.

நம் ஊர் வெயிலும் திருடும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் சேஷாசல மலையைத் தூரத்திலிருந்து நீளமான லென்சில் எடுத்தால், நடுவில் உள்ள காற்று நெளிவது படத்தில் வந்துவிடும். எந்தக் கேமராவும் அதைச் சரிசெய்யாது. சூரியன் எழுந்த முதல் மணி நேரம் உங்களுடையது.

கடைசியாக அனுப்பும் வழி. லேபுக்கு வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் படத்தைப் பெரிதாக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அடோபியின் சூப்பர் ரெசல்யூஷன் 2021-ல் வந்தது, ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டிப்பாக்கும். இலைக்கும் பாறைக்கும் மேகத்துக்கும் இப்படிப்பட்டவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் இந்த மென்பொருள்கள் படத்தில் இல்லாத நுணுக்கத்தை ஊகித்துத்தான் வரைகின்றன. கல்வெட்டு எழுத்தில் அந்த ஊகம் தப்பான எழுத்தாகும். தாத்தாவின் முகத்தில் அது வேறொருவர் முகமாகும். இந்த இரண்டிலும் நான் அதைத் தொடுவதில்லை. தெளிவு குறைந்தாலும் உண்மையான முகமே எனக்குப் போதும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது

டிஜிட்டலுக்கு முன்பு நம் ஊர் ஸ்டூடியோக்களில் யாஷிகா போன்ற 120 பிலிம் கேமராக்கள் சக்கைப்போடு போட்டன. அவற்றின் சதுர நெகட்டிவ் ஒவ்வொரு பக்கமும் 56 மில்லிமீட்டர். நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் அங்குலத்துக்கு 2400 என்று வைத்து எடுத்தால் 28 மெகாபிக்சல் கோப்பு கிடைக்கும். நன்றாக ஃபோகஸ் ஆன நெகட்டிவ் என்றால், ஆல்பத்தில் உள்ளங்கை அளவுக்கு இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இரண்டடி அச்சாகச் சுவரில் நிற்கும். அச்சைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு நெகட்டிவைத் தேடுங்கள்.

இதைப் படிக்கும் சித்தூர், திருப்பதி, காளஹஸ்தி, வேலூர்ப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 2010-க்கு முன்பு காளஹஸ்திக்குப் போய் அந்தக் கோபுரத்தின் முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த படம் உங்கள் வீட்டில் நிச்சயம் இருக்கும். அதன் நெகட்டிவ் இருந்தால் இந்த மாதமே ஸ்கேன் செய்யுங்கள். 2400-க்குக் குறையாமல் வையுங்கள், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். உங்களுக்கு அது அத்தையும் சித்தியும் நிற்கும் படம். அவர்களுக்குப் பின்னால் நிற்பது, இனி யாராலும் எடுக்க முடியாத ஒரு கோபுரத்தின் கீழ் அடுக்கு. அவ்வளவு அருகில் நின்று அதை எடுத்தவர்கள் உங்கள் வீட்டுக்காரர்கள்தான். அப்படி எத்தனையோ வீடுகளின் படங்களைச் சேர்த்தால், எந்த ஒரு பெரிய கேமராவும் தந்திருக்க முடியாத அளவுக்கு அந்தக் கோபுரம் நமக்குத் திரும்பக் கிடைக்கும்.